லூர்துசாமி கொடுத்த ரைட்

அத்தியாயம் 14

திருடிப் பழக்கமில்லாதவன் திருடினால் சட்டைப்பை கனக்கும். சனிக்கிழமை காலையிலும் லூர்துசாமிக்கு இடது மார்புப் பக்கம் கனத்துக்கொண்டே இருந்தது.

கோட்டின் உள்பையில் மூன்று பாஸ்போர்ட்டுகள். ஒன்று அவருடையது. ஒன்று மனைவி அமராவதியுடையது. இந்த இரண்டும் அங்கே இருக்கவேண்டியவைதான். வெளியூர் போனால் முக்கியமான பொருளை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முப்பத்தொரு வருஷம் தோளில் கண்டக்டர் பை மாட்டியவரின் சட்டம். மூன்றாவது, மகள் ஜான்சியுடையது. வம்பு அதில்தான்.

வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கில் நடந்ததுதான் தெரியுமே. அம்மாவும் மகளும் கழிவறைப் பக்கம் போயிருந்தார்கள். மூக்குத் துடைக்கக் காகிதம் தேடி டேஷ்போர்டைத் திறந்தார் மனிதர். காகிதம் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் கிடைத்தது, அதற்குள் மடித்து வைத்த ஒரு தாளும் கிடைத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி, வியன்னா, இந்தியத் தூதரகம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை: சரண்டர்.

சரண்டர் என்றால் லூர்துசாமிக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று, எடுக்காத லீவை எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்பளமாக வாங்கிக்கொள்கிற சரண்டர். இன்னொன்று, போலீஸ் தேடுகிறவன் வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற சரண்டர். தன் மகள் இதில் எந்த வகை என்று யோசித்து முடிப்பதற்குள் பாஸ்போர்ட் அவர் பைக்குள் போய்விட்டது. கை போனது அவருக்கே தெரியாது என்றால் யார் நம்பப் போகிறார்கள்? நாம் நம்பலாம். அப்படித்தான் நடந்தது. தாளை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

விஷயம் புரியாதவர் இல்லை அவர். ஆஸ்திரியக் குடியுரிமை வேண்டுமென்றால் முதலில் இந்தியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். ஜான்சியோடு வேலை பார்க்கும் கேரளத்து நர்ஸ் ஒருத்தி போன வருஷம் விட்டுவிட்டாளாம். இவர்கள் வந்து இறங்கிய அன்று சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு வந்தது. அப்போது ஜான்சி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உறைக்காதது இப்போது உறைத்தது.

"மலை பாக்கப் போலாம்ப்பா, இன்ஸ்ப்ரக்லேருந்து வியன்னா வரைக்கும் நாலு நாள், நானே ஓட்டுறேன்" என்று அவள் சொன்னபோது எவ்வளவு சந்தோஷப்பட்டார். மாப்பிள்ளை ராபர்ட்டுக்கு லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நேரே வியன்னா வந்துவிடுவான் என்றாள். மலையைக் காட்டுகிற சாக்கில் பெண் எங்கே கூட்டிப்போகிறாள் என்பது தெரிந்த பிறகு, மலை மலையாக இருக்குமா?

பாஸ்போர்ட் இல்லாவிட்டால் திங்கட்கிழமை இல்லை. திங்கட்கிழமை தவறினால் அடுத்த தேதிக்கு மாசக்கணக்காகும். அதற்குள் மனசு மாறாதா என்ன? லூர்துசாமியின் திட்டம் இவ்வளவுதான்.

ஐந்து வருஷக் காண்டிராக்ட் என்று சொல்லித்தான் போனாள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கடலூர் முதுநகரில் அவளுக்கென்று மாடி எடுத்து, டைல்ஸ் போட்டு, அவளுக்குப் பழகிப்போன மாதிரிக் குளியலறையும் கட்டி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை அவள் வந்து பதினைந்து நாள் இருப்பாள். மற்ற நாளெல்லாம் அமராவதி அங்கே வடகம் காயப்போடுகிறாள்.

மலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் பாவம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் ஏற்றம் என்று இருப்பதெல்லாம் ஆற்றுப்பாலங்கள்தான். அந்த ரோட்டில் போய்ப் போய் வந்த மனிதருக்கு, இங்கே ரோடு வானத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. கீழே வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் ஏறியதும் தீப்பெட்டிகளும் காணாமல் போயின. ஜூன் மாசத்திலும் உச்சியில் வெள்ளையாகப் பனிக்கட்டி கிடந்தது. எதிர் மலையில் ஒரு அருவி விழுந்துகொண்டிருந்தது, சத்தம் இந்தப் பக்கம் வரவேயில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது விழுகிறதா ஏறுகிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பலகை, பலகையில் ஓர் எண். லூர்துசாமிக்கு அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் வளைவுகளுக்கு அவரே பெயர் வைத்துவிட்டார். ஒன்று முதுநகர். இரண்டு சிப்காட். மூன்று ஆலப்பாக்கம். நான்கு புதுச்சத்திரம். வியாழக்கிழமை இதை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார், ஜான்சி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்றைக்கு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

"ஏன்ப்பா, இன்னிக்கு ஸ்டாப்பு பேரெல்லாம் காணும்?" என்று ஜான்சி கேட்டாள்.

"தொண்டை கட்டிக்கிச்சு பாப்பா" என்றார்.

பின்சீட்டில் அமராவதி மப்ளருக்குள் பாதி தூக்கமும் பாதி விழிப்புமாக வந்துகொண்டிருந்தாள். வடலூர்க்காரி அவள். மாதா கோயிலுக்குப் போகிற புருஷனைக் கட்டிக்கொண்டாலும் தைப்பூசத்துக்குச் சபையில் ஜோதி பார்க்காமல் இருந்ததில்லை. ஏழு திரையை ஒவ்வொன்றாக விலக்கி அங்கே ஜோதி காட்டுவார்கள். மூடுபனி முதலில் ஒரு துண்டாக வந்து ரோட்டைக் கடந்தபோது அவள் கண்ணைத் திறந்து, முதல் திரை என்றாள். அப்புறம் இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். இங்கே திரை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஏழாவது விழுந்தபோது காருக்கு முன்னால் பத்தடி ரோடுதான் மிச்சம் இருந்தது.

வெளியே எங்கேயோ மணிச் சத்தம் கேட்டது. மேய்கிற மாடுகளின் கழுத்து மணி. மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை, மணிகள் மட்டும் பனிக்குள் நடந்துகொண்டிருந்தன. கனவில் வருகிற ஊர் மாதிரி இருந்தது லூர்துசாமிக்கு. இப்படியே திங்கட்கிழமை வராமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று நினைத்தார்.

பெரிய ரோட்டில் ஏதோ சைக்கிள் பந்தயம் என்று அடைத்துவிட்டதால் போன் காட்டிய சின்ன ரோட்டில் வந்திருந்தார்கள். ஒரு வண்டிதான் போகலாம். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே ரோட்டோரம் கொஞ்சம் அகலம் விட்டிருந்தார்கள். அப்படி ஓர் இடத்தைத் தாண்டி இருபதடி போயிருப்பார்கள். பனியைக் கிழித்துக்கொண்டு இரண்டு பெரிய விளக்குகள் வந்து நின்றன. மஞ்சள் நிற பஸ்.

பஸ் பின்னால் போகமுடியாது. கார்தான் போக வேண்டும். ஜான்சி கண்ணாடியைப் பார்த்தாள், பின்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பின்பக்கக் கேமராவிலும் அதே வெள்ளை. அவள் கை ஸ்டியரிங்கில் வேர்த்திருந்தது.

"இரு, நான் எறங்குறேன்" என்றார் லூர்துசாமி.

இந்த நாட்டில் வந்து இறங்கியதிலிருந்து அவருக்கு ஒரே மனக்குறை, எந்த பஸ்ஸிலும் கண்டக்டர் இல்லை. ஏறுகிறவனும் பேசுவதில்லை, இறங்குகிறவனும் பேசுவதில்லை, யாருமே ரைட் சொல்லாமல் பஸ் தானாகக் கிளம்பிவிடுகிறது. பதினெட்டு நாளாக வெறும் பிரயாணியாக உட்கார்ந்து வந்தவருக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர் பஸ் டிரைவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, காருக்குப் பின்னால் போய் நின்றார். விசிலை ரிட்டையர் ஆன அன்றே டிப்போவில் திருப்பிக் கொடுத்தாயிற்று. தொண்டையை யார் கேட்பார்கள்?

"வா… வா… வா… ஒடிக்காத, நேரா வா… வா… இப்ப லேசா ஒடி… வா… ஹோல்டான்!"

கார் அச்சடித்த மாதிரி ஒதுங்குமிடத்தில் வந்து நின்றது. மஞ்சள் பஸ் உரசாமல் கடந்து போனது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்திக் காட்டியபோது லூர்துசாமிக்கு நெஞ்சு விம்மியது. பாஸ்போர்ட்டுக் கனம்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

ஜான்சி நர்சிங் படித்த நாலு வருஷமும் அவருடைய பஸ்ஸில்தான் போய்வந்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பில் அவள் இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும். அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கை காட்டுகிற வரைக்கும் இவர் ரைட் கொடுக்கமாட்டார். டிரைவர் கொளஞ்சியப்பன் ஹாரன் அடித்துப் பார்ப்பார், என்னாண்ணே, உம் பொண்ணு ரோட்டைத்தானே தாண்டுது, கடலையா தாண்டப் போவுது என்பார். பஸ்ஸே சிரிக்கும். அவள் கை காட்டுவாள். இவர் பஸ் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி ரைட் கொடுப்பார். நாலு வருஷத்தில் ஒருநாள் தப்பியதில்லை.

அந்த ஞாபகத்திலேயே காரின் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்! போலாம் ரைட்!"

கார் கிளம்பியது. கிளம்பி, இடது பக்கம் ரோட்டுக்கு ஏறாமல், வலது பக்கம் திரும்பியது. ஹோல்டான் என்று அவர் கத்துவதற்குள் வலது முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முழங்கால் ஆழப் பள்ளம், பாசி பிடித்த ஈர மண். அதற்கு அப்பால் சரிவு. சரிவுக்கு அப்பால் என்ன என்று தெரியாமல் பனி மறைத்திருந்தது நல்லதாயிற்று.

அவர் ஓடினார். அறுபத்திரண்டு வயசில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. அமராவதி பின்கதவைத் திறந்து, ஒன்றும் ஆகவில்லை என்று தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். ஜான்சி ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம் பாப்பா ஒடிச்ச?"

"நீங்கதானப்பா ரைட்டுன்னீங்க."

லூர்துசாமிக்கு முதலில் விளங்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது.

"ரைட்டுன்னா போன்னு அர்த்தம், பாப்பா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. சின்ன வயசுலேருந்து கேட்டதுதான். ஆனா கார் ஓட்ட நான் இங்க வந்துதான கத்துக்கிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரைட்டுன்னா வலதுன்னுதான் காதுல விழுது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னதை வச்சுத்தான் ஓட்டுனேன்."

ரோட்டோரக் கல் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டார் லூர்துசாமி. கண்டக்டர் மகளுக்கு ரைட் மறந்துபோகுமா? மறக்கவில்லை, அது வேறொன்றாகிவிட்டது. இதை எந்தத் தூதரகத்தில் எழுதிக் கொடுத்தாள்? யாரும் கையெழுத்துக் கேட்காமலேயே அது நடந்து முடிந்திருக்கிறது.

இன்னொன்றும் அவருக்குத் தோன்றியது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. வயசு முப்பத்தைந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே நடத்துகிறவள், அப்பன் சொன்ன ஒரு வார்த்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் ஒடித்திருக்கிறாள்.

மணிச் சத்தம் கிட்டத்தில் வந்தது. மாட்டைத் தேடிக்கொண்டு ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டுமாக ஓர் அம்மாள் பனிக்குள்ளிருந்து வந்தாள். காரைப் பார்த்தாள், மூன்று பேரையும் பார்த்தாள், ஜான்சியிடம் ஏதோ கேட்டாள். ஜான்சி அந்த ஊர் மொழியில் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முதுகு நிமிர்ந்தது. கையை ஆட்டிப் பேசினாள், அந்த அம்மாள் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். கடலூரில் அவள் இப்படிச் சிரித்தால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அடக்கிக்கொள்வாள். இங்கே அடக்கவில்லை. லூர்துசாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாள் டிராக்டர் கொண்டுவரப் போனாள். இழுக்கிற கொக்கியைக் காரில் எங்கே மாட்டுவது என்று பார்த்து வை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கார்ப் புத்தகம் டேஷ்போர்டில் இருந்தது.

ஜான்சி டேஷ்போர்டைத் திறந்தாள். லூர்துசாமி கல்லை விட்டு எழுந்தார்.

புத்தகத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே இருந்ததையெல்லாம் சீட்டில் அள்ளிப் போட்டாள். கைப்பையைக் கவிழ்த்தாள். சீட்டுக்கு அடியில் தடவினாள். ஈரத்தில் முட்டிபோட்டுப் பள்ளத்தைக்கூடப் பார்த்தாள். மடித்த தாள் ஒன்று மட்டும் அவள் கையில் இருந்தது.

"அப்பா, நேத்து தங்குன லாட்ஜுக்குத் திரும்பிப் போவணும்" என்றாள். "என் பாஸ்போர்ட் காணும்."

இருநூறு கிலோமீட்டர், இந்தப் பனியில், இப்போதுதான் பள்ளத்தில் இறங்கிய பெண். லூர்துசாமி உள்பையைக் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அது எதுக்கு இப்ப? அப்புறம் பாத்துக்கலாமே" என்றார். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

"இல்லப்பா. திங்கக்கிழமைக்கு வேணும்." கையிலிருந்த தாளை நீட்டினாள். நீட்டியவள் அதைத் திருப்பி எடுத்து, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். "வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். தெனம் சொல்லணும்னு இருந்தேன். நீங்க மாடியில டைல்ஸ் போட்ட போட்டோவை அனுப்பிக்கிட்டே இருக்கீங்க, எனக்கு எப்படிப்பா வாய் வரும்? ஊருக்கு வந்தா பத்தாம் நாள் எனக்கு இங்க வரணும்னு இருக்குப்பா. அது தப்பான்னு தெரியல. ஆனா அப்படித்தான் இருக்கு."

அமராவதி மகளின் தலையைத் தன் மப்ளருக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் என்று எதுவும் இல்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்பது லூர்துசாமிக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியும் பெண்டாட்டி மனசில் இருப்பது கடைசி ஸ்டாப்பில்தான் தெரிகிறது.

அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வர நியாயம் இருக்கிறதா என்று பார்த்தார். உள்பையில் திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டு யார்மேல் கோபப்படுவது? ஒரு வார்த்தை போதும் அவருக்கு. வேணாம் பாப்பா என்று சொன்னால் இவள் ஒடித்துவிடுவாள். இப்போது ஒடித்த மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு, அப்பன் குரலை நம்பி. அது நினைவுக்கு வந்ததும் கோபம் இறங்கிவிட்டது.

"லாட்ஜுக்குப் போவ வேணாம்" என்றார்.

மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. உள்பைக்குள் கையை விட்டு ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து மகள் கையில் வைத்தார்.

"நான்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமையே எடுத்துட்டேன்."

ஜான்சி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அவள் திட்டவில்லை. நீல அட்டையைத் திறக்காமல் மார்போடு வைத்துக்கொண்டு, ஏன்ப்பா என்று மட்டும் கேட்டாள்.

"நீ வராம போயிடுவன்னு பயந்துட்டேன்" என்றார் லூர்துசாமி. "எத்தினியோ பேரு ஏறுனாங்க எறங்குனாங்க. எவன் எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு கண்டக்டர் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பெத்த பொண்ணுன்னதும் புத்தி கெட்டுப்போச்சு."

அதற்கு மேல் பேச டிராக்டர் விடவில்லை. பனிக்குள்ளிருந்து உறுமிக்கொண்டு வந்து நின்றது. அந்த அம்மாள் சங்கிலியைத் தூக்கிப் போட்டு ஜான்சியைக் கூப்பிட்டாள். ஜான்சி பாஸ்போர்ட்டை டேஷ்போர்டுக்குள் போட்டுச் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஐந்து நிமிஷத்தில் கார் ரோட்டுக்கு வந்துவிட்டது. வைத்துக்கொள்ளச் சொல்லி அமராவதி ஒரு டப்பா புளிசாதத்தை அந்த அம்மாள் கையில் திணித்தாள். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனாள். மணிகளும் அவள் பின்னாலேயே போயின.

ஜான்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அமராவதி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். லூர்துசாமி விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்து, நான்கு சக்கரமும் ரோட்டில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, காருக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றாரே தவிர ரைட் கொடுக்கவில்லை.

ஜான்சி கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, ரைட் குடுங்க."

"வேணாம். ஒடிச்சிடுவ."

"ஒடிக்க மாட்டேன். நேரா போறேன். நீங்க சொல்லுங்க, நான் போறேன்."

அவள் எந்த ரைட்டைக் கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. நாலு வருஷம் அந்தச் சிதம்பரம் ரோட்டில் அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரைட் கொடுத்தார். இன்றைக்கும் அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துதான் நிற்கிறாள், அங்கிருந்து திரும்பிக் கை காட்டுகிறாள். இவர்தான் ஹாரன் சத்தம் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டிருக்கிறார்.

கையை எடுத்து டிக்கியின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்" என்றார். அது டிக்கியைத் தாண்டிக் கேட்டிருக்காது. பழைய குரலில் ஊருக்கே கேட்கிற மாதிரி மறுபடி கொடுத்தார். "போலாம், ரைட்!"

கார் நேராகக் கிளம்பியது. ஒரு விரற்கடை கூட ஒடிக்கவில்லை.

ரைட் கொடுத்த கண்டக்டர் என்ன செய்வார்? ஓடுகிற பஸ்ஸின் படியில் தாவி ஏறிக்கொள்வார். லூர்துசாமி கையை நீட்டி இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டார். காருக்கு ஏது படி? சிவப்பு விளக்கு இரண்டும் பனிக்குள் மங்கி, பொட்டளவாகி, இல்லாமல் போயின. முப்பத்தொரு வருஷத்தில் அவர் ரைட் கொடுத்த வண்டி அவரை விட்டுவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

ஹோல்டான் என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

எட்டாவது திரையும் விழுந்துவிட்டது என்று நினைத்தார். ரோடு இல்லை, மலை இல்லை, மணிச் சத்தமும் இல்லை. அவர் அழுதார். யாரும் பார்க்காத இடத்தில் அழுவதற்குக் கூச்சம் ஏன்? நன்றாகவே அழுதார். அழுதது பாரத்துக்கா சந்தோஷத்துக்கா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கர்ச்சீப்பைத் தேடி உள்பைக்குள் கையை விட்டார். கர்ச்சீப்போடு இரண்டு பாஸ்போர்ட்டும் வந்தன. சரிதான், ஒன்று அமராவதியுடையது, இன்னொன்று தன்னுடையது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கை சும்மா இருக்காமல், தன்னுடையதைத் திறந்தார்.

மஞ்சக்குப்பத்து ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. ஒற்றை ஜடை, மிரண்ட கண், காதில் அமராவதியின் பழைய கம்மல். இருபத்தாறு வயசு ஜான்சி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேஷ்போர்டுக்குள் போனது அவருடைய பாஸ்போர்ட்.

எல்லாம் ஒரே நீல அட்டை, கண்ணாடியில் பனி, பதற்றத்தில் கை மாறிப்போயிற்று என்று சொல்லலாம். அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் லூர்துசாமி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமையும் இதே கைதான் தனக்குத் தெரியாமல் போனது.

பனிக்குள் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. இந்தமுறை வெள்ளை, ரிவர்ஸ் விளக்கு. அப்பா ஏறவில்லை என்று பார்த்துவிட்டாள். பின்பக்கமாகவே வந்துகொண்டிருக்கிறாள், வழி சொல்ல ஆளில்லாமல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல்.

லூர்துசாமி ரோட்டோரம் போய் நின்று, ஜான்சியின் பாஸ்போர்ட் இருந்த கையை உயர்த்தினார்.

"வா…" என்றார். "நேரா வா… வா… வா…"

கார் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோல்டான் சொல்ல வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். இன்னும் சொல்லவில்லை.